பேரிகை வரை சும்மா

"மனுச நாகரிகம்னு சொல்றோமே, அது வேற ஒண்ணுமில்ல. நனையாம இருக்க மனுசன் பட்ட பாடு, அவ்வளவுதான்" என்று வெஸ்லின் அறிவித்தான். போர்வைக்குள் முழு உடம்பையும் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, பட்டமளிப்பு விழாவில் பேசுகிறவரின் நிதானத்தோடு அறிவித்தான். "முதல்ல குகை. அப்புறம் குடிசை. அப்புறம் ஓடு, குடை, ரெயின்கோட்டு, கம்பெனி பஸ்ஸு. இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்திருக்கோம். நீங்க ஒரு பெடலை மிதிச்சு அத்தனையையும் ரத்து பண்ணிட்டுப் போறீங்க. உங்களுக்கே இது நல்லாயிருக்கா அண்ணே?"

தங்கமணி குரங்குக் குல்லாவைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பெனிக்கு பார்ட்ஸ் சுற்றி வருகிற பாலித்தீன் உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட தன் சொந்தத் தயாரிப்பு மழைச்சட்டையை மாட்டினார். "சாப்பாடு பாத்திரத்துல இருக்குது. எந்திரிச்சீன்னா சாப்பிடு" என்றார். படியிறங்கிப் போய்விட்டார். கீழே சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷக் கடைசி. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் தட்டுப்பாடு. தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒருநாள் பவர் ஹாலிடே. இவர்கள் கம்பெனிக்குப் புதன்கிழமை விழுந்ததால், ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிப் புதன்கிழமையில் வைத்துவிட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து வெஸ்லினின் அம்மா போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனியா மக்களே?" என்று கேட்கும்போதெல்லாம், "கிழமையை மாத்திட்டாங்கம்மா. ஆண்டவருக்கும் சர்க்குலர் போயிருக்கும்" என்பான்.

ஜூஜுவாடியில் ஒரு மாடி அறை. அதில் அப்ரண்டிஸ் வெஸ்லினும் ஆபரேட்டர் தங்கமணியும். தங்கமணிக்கு மேட்டூர்ப் பக்கம். இருபத்தெட்டு வயது, அதிகம் பேசாதவர், ஆறு நாளும் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவர். அவருக்கு மோட்டார் பைக் ஒன்று இருந்தது. வெயில் அடித்தால் அதில் போவார். புதன்கிழமை தூறல் விழுந்தால் அதற்கு உறையை மாட்டி ஓரமாக நிறுத்திவிட்டு, கேரியர் வைத்த கறுப்பு சைக்கிளை எடுப்பார். ஓசூரைத் தாண்டி, பாகலூரைத் தாண்டி, பேரிகை வரை போவார். அங்கே ஒரு டீ குடிப்பார். திரும்பி வருவார். வரும்போது ஒரு ரோஜாப்பூ இருக்கும். அந்த ரோட்டு ரோஜாத் தோட்டங்களில் காம்பு வளைந்த பூக்களை ஏற்றுமதிக்கு ஆகாதென்று கேட் ஓரம் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று. அறையில் ஸ்டீல் டம்ளரில் அது அடுத்த புதன் வரை நிற்கும்.

இதில் ஏதாவது ஒன்றுக்காவது காரணம் உண்டா என்று வெஸ்லின் பலமுறை கேட்டிருக்கிறான். "சும்மாதான்டா தம்பி" என்பது மட்டுமே பதில்.

அந்த ஐப்பசியில் தங்கமணிக்குக் காவேரிப்பட்டினத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் தமிழ்செல்வி. காபி கொண்டுவந்து கொடுத்தபோது தங்கமணி அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் வேறு யாருக்கும் கேட்காமல், "ஆறிடும், குடிங்க" என்றிருக்கிறாள். இந்தத் தகவலைத் தங்கமணி அதற்குப் பிறகு நாலைந்து தடவை வெஸ்லினிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் நடந்தது மாதிரி சொன்னார்.

பெண் பார்த்தபிறகு பெண் வீட்டார் ஒரு ஆளை அனுப்பி மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் விசாரிப்பார்கள். விசாரிக்க வருகிறவர், விசாரிக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டார். வேறு ஏதோ கேட்பது போலத்தான் ஆரம்பிப்பார். வெஸ்லினுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் கேட்பதற்கு ஒரு காது கிடைத்துவிட்டால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அறைக்கு எதிரே இருந்த சென்னம்மா டீக்கடையில் அந்தக் காது வந்து உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை.

"இங்க வீடு ஏதாச்சும் வாடகைக்கு இருக்குங்களா தம்பி?"

"எதிர்மாடியைத்தான் பாக்கீங்க. அதுல நானும் தங்கமணி அண்ணனும் இருக்கோம்."

"அவரு ஆளு எப்படிங்க?"

"தங்கம்" என்றான் வெஸ்லின். "ஆனா ஆறு நாளைக்குத்தான். புதன்கிழமை என்ன ஆவாருன்னு சொல்ல முடியாது."

வந்தவர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "என்ன ஆவாருங்க?"

"பேரிகைப் பக்கம் போயிருவாரு. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டாரு. சொந்தமா வண்டி நிக்கு, எடுக்க மாட்டாரு. சைக்கிள்தான். மூஞ்சி தெரியாம குல்லா. மழை வலுத்தா இன்னும் உற்சாகமாப் போவாரு. சாயங்காலம் தொப்பலா நனைஞ்சு, ஆனா முகமெல்லாம் சிரிப்பா வருவாரு. கையில ரோஜாப்பூ."

"ரோஜாப்பூ..."

"வாராவாரம்."

வந்தவர் மிச்ச டீயைக் குடிக்கவில்லை. சென்னம்மாவிடம் வீடு கிடைத்தால் சொல்லச் சொல்லி ஒரு செல் நம்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். சென்னம்மா வெஸ்லினைப் பார்த்து, "ஏனப்பா, உன் வாய்க்கு ஞாயித்துக்கிழமையே கிடையாதா?" என்றாள். தன் பேச்சு நன்றாக எடுபட்டதென்று வெஸ்லினுக்கு அன்றைக்கு முழுக்கத் திருப்தி.

இரண்டு நாள் கழித்து தங்கமணியின் அம்மா போன் செய்தார். போனை வைத்துவிட்டுத் தங்கமணி கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே?"

"காவேரிப்பட்டினத்துல யோசிச்சுச் சொல்றோம்னுட்டாங்களாம். புதன்கிழமையானா பையன் பேரிகைக்குப் போறானாமே, அங்க யாரை வெச்சிருக்கான்னு கேக்கறாங்க. வண்டி நம்பரை யாராச்சும் அடையாளம் கண்டுக்குவாங்கன்னுதான் சைக்கிள்ல போறனாம்." கொஞ்சம் நிறுத்தி, "அதுகூட நல்ல யோசனைதான். எனக்குத் தோணலை" என்றார்.

வெஸ்லின் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தங்கமணி திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுல எது பொய்?" என்றார் அவர். "எல்லாம் நெசந்தான?"

பாலித்தீன் சட்டையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அடுத்த புதன்கிழமை பொடித் தூறல், அவருக்கென்றே அளவெடுத்தது போல. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பழைய ரோஜா தலையைத் தொங்கப் போட்டிருந்தது. வெஸ்லின் போர்வைக்குள் புரண்டு புரண்டு படுத்தான். நாகரிகம் அன்றைக்கு ஏனோ கதகதப்பாக இல்லை.

அன்றே சென்னம்மாவிடம் நம்பரை வாங்கினான்.

"ஐயா, வீடு ஒண்ணும் காலியில்ல. மாப்பிள்ளை மட்டும் காலியாத்தான் இருக்காரு" என்று தொடங்கினான். பேச்சில் ஆள் யாரென்று தெரிந்தது. அவர் தமிழ்செல்வியின் தாய்மாமன், பெண் பார்த்த அன்று வர முடியாதவர், பெயர் கங்கப்பன், காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி. வெஸ்லின் முழுவதும் விளக்கினான். தங்கமணி அண்ணன் போவது சைக்கிள் ஓட்டத்தான், வேறு எதற்குமில்லை.

"ஏந்தம்பி, குளிர்ல, மழையில, சும்மாவே சைக்கிள் மிதிக்கிற மனுசன் ஒருத்தன் உண்டாங்க?"

இது வெஸ்லினின் சொந்தக் கேள்வி. அவன் பல நாள் பாடுபட்டுச் செதுக்கிய கேள்வி. அதற்கு பதில் தேட வேண்டிய பக்கத்தில் அவன் இதுவரை நின்றதே இல்லை.

"வர்ற புதன்கிழமை நீங்களே வந்து பாருங்க" என்றான்.

"வர்றேன். ஆனா அவருகிட்ட மூச்சு விடக் கூடாது. நீங்க அவருகூட முன்னால போங்க, நான் பின்னால வர்றேன். நடுவுல எங்கியாச்சும் நுழைஞ்சாருன்னா அன்னிக்கே முடிஞ்சுது பேச்சு."

புதன்கிழமை காலையில் வெஸ்லின் கட்டிலுக்கு அடியிலிருந்து பாலித்தீன் சட்டையை இழுத்துத் தங்கமணி மடியில் போட்டான். "கிளம்புங்கண்ணே. நானும் வாரேன்."

"உனக்கு ஜுரமாடா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சென்னம்மா பால் வாங்கிட்டு வர்ற சைக்கிளைக் கேட்டு வாங்கியாச்சு."

"மழை பெய்யுதே."

"பெய்யட்டும். அதுக்குத்தானே போறோம்."

தங்கமணி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குல்லாவைத் தேடினார்.

பாகலூர் ரோடு பிடிக்கும்வரை லாரிகள் சேறடித்தன. அதற்கப்புறம் சத்தம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கடைசியில் டயர் ஈரத்தை உரிக்கும் சத்தம் மட்டும் மிச்சம். தைல மரங்கள், ஈரமான ராகித் தாள் போர், முட்டைக்கோஸ் வயல், மூட்டத்துக்குள் பாதி கரைந்த ரோஜாத் தோட்டத்துக் கொட்டகைகள். அவரைக்காய் மூட்டை ஏற்றிப் போன ஒரு டெம்போ தன் வாசனையை ரோட்டில் விட்டுவிட்டுப் போனது. முதல் மேட்டில் வெஸ்லினுக்குக் காதும் விரலும் இருக்கிற இடம் தெரியவில்லை. இரண்டாவது மேட்டில் சட்டைக்குள் சூடு பிறந்தது. முழுசாக நனைந்து முடித்தபிறகு நனைவதைப் பற்றிய கவலை போய்விடுகிறது என்பதை அவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததை வெளியே சொல்வதில்லை என்றும் முடிவு செய்தான்.

இறக்கத்தில் தங்கமணி மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாகப் போனது. அவர் வாயிலிருந்து மூச்சு புகைபுகையாக வந்தது, அவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்.

பின்னால் ஒரு மொபெட். சைக்கிள் வேகத்திலேயே வந்தது. இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. அதிலிருந்தவர் சால்வையை முக்காடு போட்டிருந்தார்.

"பாவம்டா, அந்த ஆளு" என்றார் தங்கமணி. "வண்டியில என்னமோ கோளாறு. இழுக்கவே மாட்டேங்குது பாரு."

"அது அப்படித்தான் போகும்ணே. நீங்க மிதிங்க."

ஒரு பள்ளத்தில் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர். சைக்கிள்காரர்கள் இருவரும் காலைத் தூக்கிக்கொண்டு கடந்துவிட்டார்கள். மொபெட் நடுவில் இருமி, நின்றே போனது. வெஸ்லின் தடுப்பதற்குள் தங்கமணி சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். மொபெட்டைக் கரைக்குத் தள்ளி, டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து பிளக்கைக் கழற்றினார். துடைக்கக் காய்ந்த துணி யாரிடமும் இல்லை. குல்லாவைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, அதால் பிளக்கைத் துடைத்தார். மழை அவர் தலையில் நேராக விழுந்தது. வண்டி கிளம்பியது. முக்காடு போட்டவருக்குப் பல் கிட்டித்தது.

"வாங்கண்ணே, பேரிகை பக்கந்தான். ஒரு டீ குடிச்சா சரியாயிரும்" என்றார் தங்கமணி.

பேரிகை டீக்கடையில் மூன்று பேரும் அடுப்போரம் உட்கார்ந்தார்கள். முக்காட்டுக்காரர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஏதாச்சும் சோலியாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. இந்த டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிருவேன்."

"இதுக்கா இந்த மழையில?"

தங்கமணி யோசித்தார். யாரும் அவரிடம் பதிலை எதிர்பார்த்து இதைக் கேட்டதில்லை. "ஆறு நாளும் பிரஸ் ஓடுறப்போ அதும்பின்னாடியே நானும் ஓடணுங்க. அது நின்னாத்தான் நான் நிக்கலாம். இது நான் மிதிச்சா போகுது, நிறுத்துனா நிக்குது. வெயில்ல ரோட்டுல கூட்டம். மழையில ரோடு காலியாக் கிடக்குது. குளிருக்கு டீயும் நல்லாருக்குது. அவ்வளவுதாங்க."

"கல்யாணமானா இதெல்லாம் நடக்குங்களா?"

"அவங்களும் வருவாங்கன்னா கேரியர்ல மெத்தை வெச்சுத் தரலாம்னு இருந்தேன்." அவர் டம்ளருக்குள் பார்த்தார். "பொண்ணு வீட்டுல யோசிச்சுச் சொல்றோம்னுட்டாங்க."

"எதனாலங்க?"

"புதன்கிழமையால."

முக்காட்டுக்காரருக்குப் புரையேறியது. வெஸ்லின் கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

கங்கப்பன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சால்வையைத் தலையிலிருந்து எடுத்து மடித்துத் தோளில் போட்டார். "தம்பி, கேரியரை நல்லதா, கெட்டியாப் பாத்துப் போடுங்க" என்றார். "எங்க செல்வி கொஞ்சம் கனம்."

தங்கமணி டம்ளரோடு அப்படியே எழுந்து நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள். கார்த்திகைக் கடைசியில் துணி எடுக்கத் தங்கமணி லீவு போட்டு ஊருக்குப் போனார். அந்தப் புதன்கிழமை வெஸ்லின் அறையில் தனியாகக் கண்விழித்தான். வெளியே பொடித் தூறல், மூட்டம். போர்வை அதன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

படியிறங்கும்போதே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டான். 'அண்ணன் சைக்கிள் செயின் துருப்பிடிச்சிரும்லா, அதான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கேன்.' யாராவது கேட்டால் சொல்லலாம். சென்னம்மா அவன் குல்லாவைப் பார்த்தாள், பாலித்தீன் சட்டையைப் பார்த்தாள், பாலை ஆற்றப் போய்விட்டாள். வாக்கியம் வீணாகப் போனது.

பாகலூர் தாண்டி அந்த இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினான். மூச்சு புகையாக வந்தது. ஒரு தோட்டத்து கேட் ஓரம் தள்ளுபடிப் பூக்கள் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. வெஸ்லின் காலை ஊன்றி நின்று, ரோட்டில் முன்னும் பின்னும் பார்த்தான். ஒரு ஆள் இல்லை. காம்பு அதிகம் வளையாததாக ஒன்றைப் பொறுக்கிக் கேரியரில் செருகிவிட்டு, பேரிகைப் பக்கமே மிதித்தான்.