எழுத்து வெளிப்பக்கம்

தெருவில் அவருக்கு 'மானஸ்தர்' என்று பட்டப்பெயர். தும்மினால்கூட மானம் போய்விடும் என்று நினைக்கிற ஆள். முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் தம்பி குடும்பம். தம்பி மனைவி ஊராருக்குத் துணி தைத்துப் பிழைப்பது அவருக்கு நெஞ்செரிச்சல். மேலே 'தையல்' என்றும் கீழே போன் நம்பரும் எழுதி அவள் மாட்டிய தகரப் பலகையை அன்றைக்கே கழற்ற வைத்தார். அது கட்டிலுக்கடியில் போய்விட்டது.

அந்த மானஸ்தருடைய பைக்தான் முன்சுவரில் இருந்த அவளுடைய மீட்டர் பெட்டிக் கதவை இடித்துப் பெயர்த்தது. பக்கத்திலேயே இருக்கும் அவருடைய பெட்டியில் ஒரு கீறல் இல்லை. பெயர்ந்த கதவு எங்கே என்றால், பழைய இரும்புக்குப் போட்டாயிற்றாம்!

லைன்மேன் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னான். "மழைத்தண்ணி மீட்டருக்குள்ள போச்சுன்னா கரன்ட்ட கட் பண்ணிடுவேன்க்கா. எனக்கு வேற வழியில்ல."

அவளுடையது மோட்டார் மெஷின். கரன்ட் போனால் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

"மாமா, கதவ மாத்திக் குடுங்க," என்று மானஸ்தரிடம் கேட்டாள்.

"மீட்டர் பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாது. அதுவும் அது என் சுவரு."

"விடு, அண்ணன் பாத்துப்பாரு," என்றான் கணவன்.

"எப்ப? நான் கிழவியான பிறகா?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இதையே கதவாக்கிடுறேன்," என்று அவள் கட்டிலுக்கடியிலிருந்து பலகையை இழுத்தாள். அவள் பிடிவாதம் தெரிந்த கணவன் கெஞ்சினான். "எழுத்தாவது உள்பக்கம் இருக்கட்டும்." சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வெல்டிங் பட்டறையில் தகரத்தின்மேல் சாக்பீஸால் கோடு போட்டாள். நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டாள். பட்டறைக்காரர் சிரித்தார். "இதுக்கும் தையலுக்கு விடுற மாதிரி விடுறீங்களே!"

"மடக்கி விட்டாத்தான் தண்ணி உள்ள போகாது. நடுவுல மீட்டர் தெரியற மாதிரி ஓட்டை போட்டு பிளாஸ்டிக் வைங்க."

"எழுத்து எந்தப் பக்கம்? ஒருதடவ மடக்கிட்டா மாத்த முடியாது."

உள்பக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பத்து வருடமாகத் தானும் அப்படி மடங்கித்தான் இருந்தோம் என்று திடீரென்று ஆத்திரம் பொங்கியது.

"வெளிப்பக்கம்," என்றாள்.

பெட்டியின் பழைய துளைகளிலேயே கீலை வைத்துத் தானே திருகினாள். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. மேலே 'தையல்', நடுவில் பிளாஸ்டிக் ஜன்னல், கீழே அவளுடைய போன் நம்பர். தூறல் விழ ஆரம்பித்ததும் லைன்மேன் வந்து நின்றான். மானஸ்தரும் வெளியே வந்து பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

"யாரக் கேட்டு மாட்டுன? கழட்டு!" என்று கதவைப் பிடித்தார்.

"கைய எடுங்க சார்," என்றான் லைன்மேன். "சரியான கதவு. இனிமே மீட்டர் பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாது."

"மாமாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்," என்றாள் அவள்.

மழை கொட்டியது. மெஷின் நிற்கவே இல்லை.

மறுநாள் காலை மானஸ்தர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணிப்பையோடு வந்த ஒரு பெண் மீட்டர் பெட்டியைப் படித்துவிட்டு அவரிடம் கேட்டாள். "தையல் வீடு எந்தப் பக்கங்க?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், மானஸ்தர் பின்கட்டுப் பக்கம் கை காட்டினார்.