முப்பத்தைந்தா, ஐம்பதா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. கேமராப் பைத்தியங்களுக்காக நடக்கும் ஒரு சிறு பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. "வெளிச்சம் கம்மியான இடத்துல எடுக்க, தினமும் கையில வச்சிருக்க, விலை கட்டுப்படியாகற ஒரு ப்ரைம் லென்ஸ். எது வாங்கலாம்னு எண்ணூறு வார்த்தையில எழுதிக் குடுங்க. கதை கிதை வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியம் அவர் என்னிடம் ஏற்கெனவே பட்ட அனுபவம்.

நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ஜூம் லென்ஸ் நின்ற இடத்திலிருந்தே கிட்டே கொண்டுவரும். ப்ரைம் லென்ஸுக்கு அந்தப் பேச்சே கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்துக்கு ஈடாக அது கண்ணை அகலமாகத் திறக்கும். மேலே 1.8 என்று போட்டிருந்தால், கேமராவோடு கொடுக்கும் சாதாரண ஜூம் முழுக்க நீட்டிய நிலையில் வாங்குவதைப் போல ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அந்த எண் சிறிதாகச் சிறிதாக ஓட்டை பெரிதாகும். இதுவரை கட்டுரை.

மூன்றாவது பத்தியில், "உதாரணமாக, ஒருவர் தன் மகளை வீட்டுக்குள் ஃபோட்டோ எடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதினேன். வைத்துக்கொண்டதுதான் வினை. அந்த ஆள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

2

அவருக்கு ஒரு தொடக்கம் கொடுக்க வேண்டுமே.

[அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். ஊராரின் பார்வையையெல்லாம் சரிசெய்தவருக்குத் தன் வீட்டில் மட்டும்—]

நிறுத்திவிட்டேன். இப்படி எழுதினால் பரிசு கிடைக்கும். ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

[மழை பெய்துகொண்டிருந்தது.]

பெய்யவில்லை.

[லென்ஸ் கடைக்குள் நுழைந்தவர் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, கவுன்ட்டரிலிருந்து வாசல்வரை அளந்தார்.]

இது நிற்கும். அளக்காமல் எதையும் நம்பாத ஆள். அப்படியானால் தொழில்? லிஃப்ட் மெக்கானிக். தளத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு விரல் உயரம் வித்தியாசம் இருந்தாலும் தூக்கம் வராதவர். மனைவி பேக்கரியில் கேக் மேல் எழுதுகிறவள். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நர்ஸிங் படிக்க வேறு ஊருக்குப் போகிறாள். இரண்டு வாரமாகச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், ஒற்றை பல்புக்குக் கீழே உட்கார்ந்து, தலையணைக்கும் மேஜைக் காலுக்கும் அம்மாவின் முழங்கைக்கும் கட்டுப் போட்டுப் பழகுகிறாள். அவள் போவதற்குள் அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தை ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.*

(* செல்போனில் எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் முகத்தை மாவு பூசியதுபோல் வழித்துக் கொடுத்தது. ஃப்ளாஷ் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அடுத்த பகுதி.)

3

இரண்டு வருடத்துக்கு முன் மகள் பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் போட்டியில் ஜெயித்தாள். சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அவர் எடுத்தார். ஃப்ளாஷ் அடித்த நேரம் அவளுக்குத் தும்மல் வந்த நேரம். ஒரு கண் மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, மூக்கு எங்கேயோ போயிருந்தது. அப்பாவின் கண்ணுக்கு அது ராஜகுமாரியாகத் தெரிந்தது. பெரிதாகப் போட்டு, லேமினேட் செய்து, தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டுக்குள் அறிவிப்புச் சட்டத்தில் மாட்டினார். அந்தச் சட்டத்தின் திருகுகள் தனி ரகம். யாரும் கழற்றிக்கொண்டு போகாதபடி கம்பெனி போட்டது. அதற்கான திருப்புளி மெக்கானிக் பையில் மட்டும் இருக்கும்.

மகள் அன்று மாலை பார்த்தாள். கழற்றச் சொன்னாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா, நாலு பேர் பாக்கட்டும்" என்றார். மறுநாள் விடியுமுன் கம்பெனி அவரை வெளியூரில் புது லிஃப்ட் மாட்ட அனுப்பியது. திருப்புளியும் பையோடு போனது.

பதினோரு நாள். இவர்கள் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் பதினோரு நாளும் புத்தகப் பையோடு படியேறினாள். மூன்றாவது மாடிப் பெரியவர் ஒருவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

அவர் திரும்பி வந்ததும் கழற்றிவிட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார். அதற்குப் பிறகு கேமரா வெளியே வந்தாலே அவள் கை முகத்துக்குப் போய்விடும்.

4

இங்கே எனக்கு மகள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு தும்மலுக்கு இரண்டு வருடக் கோபமா? குற்றத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று என் அண்ணியிடம் கேட்டேன். எழுதியதை அவர் படித்துவிட்டு, "ஒரு பொண்ணு பதினோரு நாள் படியேறியிருக்கு. உனக்கு இன்னும் ரத்தம் வேணுமா?" என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.

5

லென்ஸ் கடை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். வருகிறவரின் கையைப் பார்த்தே எந்த கேமரா என்று சொல்லிவிடுவாள்.

வீட்டுக்குள் எடுக்க என்று சொல்லிக்கொண்டே அவர் அளந்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். "வீடு எவ்ளோ சார்?"

"மேஜையிலேர்ந்து சமையல்கட்டு வாசல் ஒன்பது அடி. எதிர் நாற்காலி நாலடி."

"உங்க கேமராவுக்கு ரெண்டு லென்ஸ் இருக்கு. ஐம்பது எம்எம் புதுசு. முப்பத்தஞ்சு பழசு, ஒருத்தர் குடுத்துட்டுப் போனது. ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். ரெண்டும் 1.8. வெளிச்சத்துல சண்டையே இல்ல. ஐம்பது ஆளைக் கிட்ட இழுக்கும், முப்பத்தஞ்சு சுத்தி இருக்கறதையும் சேத்துக் காட்டும்."

அவர் முப்பத்தைந்தை வாங்கித் தன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா, உள்ளே இதழ் இதழாக மூடித் திறக்கும் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று. எண்ணெய் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. சுத்தமாக இருந்தது.

"அப்ப எது?"

"என்னைக் கேக்காதீங்க. உங்க ஜூம்ல மூணு நாள் முப்பத்தஞ்சுல வச்சு டேப் ஒட்டிருங்க. அடுத்த மூணு நாள் ஐம்பதுல. திருகவே கூடாது. எதுல கை பழகுதோ அது. வரும்போது பழைய படமெல்லாம் இருக்கற கார்டையும் எடுத்துட்டு வாங்க. எந்தப் படம் எத்தனை எம்எம்ல எடுத்தீங்கன்னு அதுலயே பதிஞ்சிருக்கும்."

(ஆசிரியரே, இந்த ஒரு பத்தியை வெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டாலும் உங்கள் கட்டுரை முடிந்தது. மற்றதை எனக்கு விட்டுவிடுங்கள்.)

6

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். மகள் இல்லாத நேரத்தில் மனைவியை அவள் இடத்தில் உட்காரவைத்தார்.

முப்பத்தைந்தில் சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்தால் மேஜை, நாற்காலி, தண்ணீர்க் குடம், காலண்டர் எல்லாம் வந்தன. மனைவி நடுவில் சின்னதாக இருந்தாள். முகம் நிறைய வர வேண்டுமென்றால் எதிர் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். முட்டி முட்டியில் இடிக்கும்.

ஐம்பதில் வாசலிலிருந்தே தலையும் தோளும் கச்சிதமாக வந்தன. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இங்க நின்னா நான் இருக்கறதே தெரியாது."

"அதுல அவ்ளோ சந்தோஷமா?" என்றாள் மனைவி. அவள் விரலில் கேக் க்ரீம் காய்ந்திருந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்த நேரம் புரிந்துவிட்டது, இது லென்ஸ் விவகாரம் இல்லை என்று. படிக்கிறவர் இந்த இடத்தில் பென்சிலை எடுத்து ஓரத்தில் "தூரம்" என்று எழுதி வட்டம் போடுவார். தயவுசெய்து போடாதீர்கள். அவருக்கு அது ஒன்பது அடி, அவ்வளவுதான்.

7

வெள்ளிக்கிழமை மாலை கார்டோடு மறுபடியும் கடைக்குப் போனார். கடைக்காரி கம்ப்யூட்டரில் போட்டு, படங்களை எம்எம் வாரியாக அடுக்கினாள். மனைவி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள், தேய்ந்த சக்கரம், புது மோட்டார் எல்லாம் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் இருந்தன. ஐம்பத்தைந்தில், அதாவது ஜூம் நீளும் கடைசி எல்லையில், ஒரு பெரிய குவியல். அதைத் திறந்தாள்.

ஒரு பெண்ணின் முதுகு. அதே பெண்ணின் காது. கதவிடுக்கில் பின்னல். பால்கனியில் முழங்கை. மறுபடியும் முதுகு.

கடைக்காரியின் குரல் மாறிவிட்டது. "யாரு சார் இந்தப் பொண்ணு?"

அவர் தலையைச் சொறிந்தார். திரையைப் பார்த்தார். இத்தனை முதுகை ஒன்றாகச் சேர்த்து அவரே இதுவரை பார்த்ததில்லை.

"என் பொண்ணுதான் மேடம்."

"எடுக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேண்டாம்னுடுவா."

"கேட்டீங்களா?"

அவர் கவுன்ட்டர் விளிம்பை விரலால் அளந்தார். கடைக்காரி ஐம்பதை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப இதையே வாங்கிக்குங்க. தெரியாம எடுக்க இதான் வசதி."

8

முடிவு அ: அவர் ஐம்பதை வாங்குகிறார். சனிக்கிழமை சாயங்காலம் வாசல் மறைவில் நின்று எடுக்கிறார். பல்பு வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருக்கிறது. கண் மட்டும் துல்லியம், காதுக்கு அப்பால் எல்லாம் கரைந்துபோகிறது. 1.8 அதைத்தான் செய்யும். இரண்டு வருடத்தில் கிடைத்த முதல் முகம். அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறாள். படத்தை யாருக்கும் காட்ட முடியாமல் மெக்கானிக் பைக்குள் வைத்துக்கொள்கிறார், அந்தத் திருப்புளிக்குப் பக்கத்தில்.

அருமையான படம். இதை எழுதிவிட்டு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

முடிவு ஆ: அவர் முப்பத்தைந்தை வாங்குகிறார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். அவள் "வேண்டாம்ப்பா" என்கிறாள்.

இதுதான் நல்ல முடிவு என்று நான் அவரைத் தள்ளிப் பார்த்தேன். [அவர் முப்பத்தைந்தை எடுத்துக்கொண்டு கல்லாவை நோக்கி—] போகவில்லை. ஆள் மசியவில்லை. இரண்டு லென்ஸையும் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு, "யோசிச்சுட்டு வரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டார். "ஏழு மணிக்கு மூடிருவேன்" என்றாள் அவள்.

என் கதாபாத்திரம் ஒன்றும் வாங்காமல் கடையைவிட்டுப் போகிறது. கட்டுரை போயிற்று, கதையும் போயிற்று என்று பேனாவை மூடினேன்.

9

லிஃப்டில் கீழே இறங்கினார். உள்ளே அறிவிப்புச் சட்டம் ஒன்று இருந்தது. அதை நான் வைக்கவில்லை. எல்லா லிஃப்டிலும் இருப்பதுதான். அதே ரகத் திருகுகள். சட்டம் காலியாக இருந்தது. நாலு பக்கமும் திருகு முறுக்கிய காலிச் சட்டத்தைக் கீழ்த்தளம் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கதவு திறந்தது. இறங்கினார்.

பிறகு அவர் செய்ததை நான் யோசித்திருக்கவே மாட்டேன். லிஃப்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படிக்கட்டைப் பிடித்து ஏறத் தொடங்கினார். முதல் மாடியில் மெக்கானிக் பை தோளை அறுத்தது. இரண்டாவதில் முட்டி பேசியது. மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மாடிக்கே இப்படி. ஐந்து மாடி, பதினோரு நாள். அளந்து பழகிய ஆள்; மனசு தானாகப் பெருக்கியது. என் மகளை இப்படி ஏறவிட்டேனே என்று அன்றுதான் அவருக்கு வலித்தது.

கடை வாசலிலேயே நின்று போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்லம்மா."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க மொதல்ல."

"படியேறி வந்தேன்."

"லிஃப்ட் இல்லையா?"

"இருக்கு."

அந்தப் பக்கம் பேண்டேஜ் உருண்டை ஒன்று மேஜையிலிருந்து விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"நீ போறதுக்குள்ள உன்னை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்னா வேண்டாம்."

"நீங்க என்னைக் கேக்கறீங்களா?"

"ஆமாம்மா. கேக்கறேன்."

கட்டுப் போடும்போது வலிக்கிறதா என்று கேட்பாளே அந்தக் குரலில், அவள் கேட்டாள்.

"எங்க நின்னு எடுப்பீங்க?"

கவுன்ட்டரில் இரண்டு லென்ஸும் அப்படியேதான் இருக்கின்றன. கடைக்காரி கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஏழுக்கு நாலு நிமிஷம். அவர் வாயைத் திறந்துவிட்டார். நான் மூன்று பதில் எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு மேஜை இருக்கிறது, நானும் வாசலில் நிற்கிற ஆள்தான். உங்கள் வீட்டு மேஜைக்கும் வாசலுக்கும் எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவசரப்பட வேண்டாம்.

அவள் இன்னும் போனை வைக்கவில்லை.