கூட்ஸ் ஷெட் எந்தப் பக்கம்?

கில்லாரிக் ஊர்க்காரர்கள் மாதிரி நல்லவர்கள் ஸ்காட்லாந்திலேயே கிடையாது என்று லாக்லன் நம்பிக்கொண்டிருந்தான். நம்பாமல் என்ன செய்வான்? அப்பன் செத்த வீட்டுக்குக் கரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து போட்டவர்கள் அவர்கள். வளர்ந்ததும் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களில் ஒருவர், டூகல் பெதூன், தன் ஒரே மகள் எல்ஸ்பெத்தையே அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். இதற்கு மேல் ஒரு ஊர் என்னதான் செய்யும், சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட ஊர்தான் அந்த இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பயம் காட்ட ஆரம்பித்தது.

எல்லாம் ஒரு மாடல் ரயிலால் வந்த வினை. கில்லாரிக்குக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு கிளைப் பாதை இருந்தது. ஆரிக் ஆற்றை ஒட்டி ஒற்றைத் தண்டவாளம், ஒரே ஒரு எஞ்சின், ஒரு சின்ன ஸ்டேஷன். ஐம்பத்தொன்றாம் வருஷம் பிப்ரவரி மாசம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சந்தையிலிருந்து திரும்பி வந்த வண்டி ஸ்டேஷனுக்குள் போகாமல் ஓரத்துத் தண்டவாளத்தில் திரும்பி, முட்டுக்கட்டையை உடைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டது. டிரைவரும் இரண்டு பெண்களும் போனார்கள்.

தண்டவாளத்தைத் திருப்பும் கைலீவரை யாரோ திறந்துவிட்டு, மூட மறந்திருக்கிறார்கள். பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். லாக்லனின் அப்பா ஹெக்டர்தான் ஸ்டேஷன் மாஸ்டர். "மத்தியானமே சாவியை டூகல்கிட்ட கொடுத்துட்டேன்" என்றார் அவர். போர்ட்டராக இருந்த டூகலோ, "நான் தண்ணித் தொட்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். ஹெக்டர்தான் லீவரைத் திறந்தார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று பைபிளில் கை வைத்துச் சொன்னார். விசாரணை தூரத்து நகரத்தில் நடந்தது. பனி மூடிக் கிடந்த ஸ்டேஷனை யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஹெக்டர் மேற்குத் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். டூகல் நாலு தலைமுறையாய் உள்ளூர். கதை முடிந்தது. அடுத்த குளிர்காலம் ஹெக்டர் அதே ஆற்றுக்குள் நடந்துபோய்ச் செத்தார். பையனுக்கு அப்போது நாலு வயது.

"உங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்லடா" என்று அம்மா சாகிறவரை சொன்னாள். டூகல் மாமாவும் பொய் சொல்கிற ஆள் இல்லையே! இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்துதான் அவன் இத்தனை வருஷமும் புழுங்கினான்.

அதனால்தான் மாடல். ஊர் ஹாலில் வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் மாடல் ரயில் காட்சி நடக்கும். அதற்குப் பழைய ஸ்டேஷனைக் கட்டப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னான். மனசுக்குள் வேறு கணக்கு. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டால், தொட்டிப் பக்கம் குனிந்து ஒரு பார்வை பார்க்கலாம். லீவர் தெரிந்தால் அப்பா பொய்யர். தெரியாவிட்டால்... அதை அவன் யோசிக்கவே இல்லை.

தொட்டியின் கல் மேடை இன்னும் ஆற்றுப் பக்கம் முட்செடிக்குள் கிடந்தது. லீவரின் இரும்பு அடியும் அதே பக்கம், கொஞ்சம் தள்ளி. டேப் பிடித்து அளந்துகொண்டான். சரக்கு வைக்கிற பெரிய கூட்ஸ் ஷெட்டுக்குத்தான், பார்வையை மறைக்கக்கூடிய ஒரே கட்டடத்துக்குத்தான், ஒரு தடயமும் இல்லை. பாதையை மூடின கையோடு ஊரே சேர்ந்து அதைப் பிரித்து விறகாக்கிவிட்டது. அந்த இடம் இப்போது மர லாரிகள் நிற்கும் மைதானம். எடின்பரோ வரை போய்த் தேடினான். அங்கே கிடைத்த வரைபடத்தில் ஊரே கடுகளவுதான் இருந்தது.

சரி, பெரியவர்களைக் கேட்போம் என்று போனான். தபால் ஆபீஸ் மோராக்கிடம் ஷெட்டைப் பற்றிக் கேட்டான்.

"கதவு என்ன கலர்? பழுப்புடா, நல்லா ஞாபகமிருக்கு. ஷெட்டா? மலைப் பக்கம்தான். ஆத்துப் பக்கம் இல்ல."

கறிக்கடை காவினைக் கேட்டான்.

"பழுப்பா? யாரு, மோராக் சொன்னாளா? அவளுக்குக் கண்ணு எப்ப தெரிஞ்சுது! பச்சைக் கதவுய்யா. ஷெட்டு மலைப் பக்கம்தான். ஆத்துப் பக்கம் இல்ல."

சர்ச்சில் மணியடிக்கும் கிழவர் ரோரியைக் கேட்டான். கதவுக்கு வர்ணமே அடிக்கவில்லை, தார்தான் பூசியிருந்தது என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு, "ஷெட்டு மலைப் பக்கம்தான். ஆத்துப் பக்கம் இல்ல" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது லாக்லன் பாதி வழியில் நின்றுவிட்டான். இந்த ஊரில் நேற்றைய மழை காலையில் பெய்ததா மத்தியானம் பெய்ததா என்பதிலேயே மூன்று கட்சி உண்டு. ஷெட் விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வாக்கியமா? அதுவும், ஆற்றுப் பக்கமா என்று அவன் யாரையும் கேட்கவே இல்லையே!

அந்த வாரமே டூகல் மாமா கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போட்டோவோடு வந்தார்.

"இந்தா மாப்ள. போருக்கு முன்னாடி ஒரு திருவிழாவில எடுத்தது. கண்ணாடி நெகட்டிவ் என்கிட்டதான் கிடந்துச்சு. நானே குடுத்துப் பெருசா போட்டு வாங்கினேன். இனிமே ஊர் ஊரா அலையாத. ஷெட்டு எங்க நிக்குதுன்னு நீயே பார்த்துக்க."

பார்த்தான். பின்னால் முழுக்க எஞ்சின் புகை. ஸ்டேஷன் முனையிலிருந்து எடுத்த படம். தண்டவாளம், அதன் இடது பக்கம் ஷெட், முன்னால் கில்ட் என்கிற ஆம்பளைப் பாவாடை கட்டி, காற்றுப் பை வைத்த குழல் ஊதும் ஒரு பைக்குழல்காரர். ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் இடது பக்கம் என்றால் மலைப் பக்கம்தான். ஊர் சொன்னது சரி. ச்சே, நல்லவர்களை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. குழல்காரர் பையை வலது கக்கத்தில் இடுக்கியிருந்தார். எல்லாரும் இடது கக்கத்தில்தான் இடுக்குவார்கள். இடக்கைக்காரர் போல என்று விட்டுவிட்டான்.

ஷெட்டை மலைப் பக்கம் ஒட்டினான். பசை காய்ந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தான். லீவர் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரு தடங்கலும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நீதான் அப்பா, நீதான் என்று வாய்விட்டே சொன்னான்.

மறுநாள் டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும் கொண்டுவந்த எல்ஸ்பெத், போட்டோவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் களுக்கென்று சிரித்தாள்.

"ஏங்க, யாரு இந்த மனுஷன்? பொண்டாட்டி பாவாடையைச் சுத்திட்டு வந்துட்டாரா?"

"ஏன்?"

"கில்ட் ஊக்கைப் பாருங்க, இடப்பக்கம் குத்தியிருக்காரு. இடப்பக்கம் குத்தறது பொம்பளைங்கதான். கில்ட் கட்டத் தெரியாத ஆம்பளையா குழல் ஊதினான் நம்ம ஊர்ல?"

"இடக்கைக்காரரா இருக்கும்."

"போங்க! இடக்கைக்காரன் குழலை மாத்திப் பிடிப்பான், கில்டை மாத்தியா கட்டுவான்? செத்தாலும் செய்ய மாட்டான்." சிரித்துக்கொண்டே டீக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லாக்லன் டீயைத் தொடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டோவுக்கு எதிரே பிடித்தான். கண்ணாடிக்குள் குழல்காரர் பையை இடது கக்கத்தில் ஒழுங்காக இடுக்கியிருந்தார். ஊக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. கோட்டுப் பொத்தான்கூட ஆம்பளைப் பக்கம் மாறிவிட்டது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஷெட் தண்டவாளத்துக்கு வலது பக்கம், ஆற்றுப் பக்கம், தொட்டிக்கும் லீவருக்கும் நட்டநடுவில் மலை மாதிரி நின்றது.

நெகட்டிவ் யார் கையில் இருந்தது? யார் கொடுத்து அச்சடித்தது? அவனுக்குச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை.

மனைவியிடம் வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வான்? உன் அப்பன்தான் என் அப்பனைக் கொன்றான் என்றா? இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, கத்தியை எடுத்து ஷெட்டைப் பெயர்த்தான்.

பெயர்த்த சத்தம் ஊருக்கே கேட்டதோ என்னவோ. அதற்கப்புறம் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மோராக் பழ கேக் கொண்டுவந்தாள். காவின் ஆட்டுக்கறி கொண்டுவந்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். எல்லாரும் மாடல் மேல் மூடியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு, உடம்பு நல்லாயிருக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இப்படித்தானே அப்பா செத்த வருஷமும் கரி கொண்டுவந்தார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கறி நாற்றமெடுக்கும்வரை அவன் தொடவில்லை.

கடைசியாக டூகல் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"ஷெட்டு எந்தப் பக்கம் மாப்ள இருக்கு?"

"இருந்த பக்கம் மாமா."

"இந்த ஊரு உன்னைத் தூக்கி வளர்த்த ஊரு."

"ஆமா மாமா. ஏன்னு இப்பத்தான் புரியுது."

டூகலின் தாடை ஆடியது. "உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எல்ஸ்பெத் இருக்கா. எல்லாரும் இங்கதான் இருந்தாகணும். அதை யோசிச்சுட்டுத் துணியை எடு" என்றார். மிரட்டுகிற குரல்கூட இல்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

காட்சி நாளன்று ஹால் நிரம்பி வழிந்தது. மாடல் ரயில் காட்சிக்கு வருகிறவர்கள் பாராட்டவா வருகிறார்கள்? தப்புக் கண்டுபிடிக்கத்தான். சிக்னல் ஒரு நூல் உயரம், புகைபோக்கி வேறே மாதிரி, அந்த வருஷம் அந்தப் பெட்டியே ஓடவில்லை என்று ஆளாளுக்குப் பிடுங்கி எடுப்பார்கள். போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் வைத்த பாலத்தில் ஒரு தூண் குறைகிறது என்று ரோரி கிழவர் சாயங்காலம்வரை கத்திக்கொண்டே இருந்தார்.

லாக்லன் துணியை இழுத்தான்.

ஆற்றுப் பக்கம் ஷெட் நின்றது. கதவுக்கு வேண்டுமென்றே நீல வர்ணம் அடித்திருந்தான்.

"தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க. இப்பவே மாத்திடறேன்" என்றான்.

மோராக் பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். காவின் கூரையைப் பார்த்தார். ரோரியின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. மலைப் பக்கம்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வாரமாய் அவனிடம் தனித்தனியாய்ச் சொன்ன வாயெல்லாம் எங்கே போயிற்று? நீலக் கதவைப் பற்றிக்கூட யாரும் மூச்சு விடவில்லை.

எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்தது.

"ஏன் எல்லாரும் இடிச்ச புளியாட்டம் நிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே எல்ஸ்பெத் கூட்டத்தை விலக்கி வந்தாள். தொட்டி கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். "அப்பா, நீங்க நின்ன இடம் இதானே?" என்று குஷியாக முட்டி போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்தாள். லாக்லன் தடுக்கக் கை நீட்டினான். நீட்டிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டான்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"அப்பா, இங்கேருந்து லீவர் தெரியலையே?"

டூகல் தொப்பியைக் கழற்றினார். மகளை மட்டும்தான் பார்த்தார்.

"வண்டி ஆத்துல இறங்கின அன்னிக்கு, நீ பொறந்து மூணு வாரம்தாம்மா ஆகியிருந்துச்சு."

எல்ஸ்பெத் எழுந்திருக்கவில்லை. கன்னம் பலகையிலேயே இருந்தது.