சிவப்பு பல்பும் பதினோராம் தீர்மானமும்

பழைய கார் சங்கத்தின் தலைவரிடம் ஐம்பது வயதுக் கார் ஒன்று இருந்தது. அது வாரத்தில் இரண்டு முறையாவது நடுத்தெருவில் நின்றுபோகும். நின்றால் சங்கம் கூடும். கூடினால் தீர்மானம் போடும்.

பேட்டரியில்தான் கோளாறு என்று முதல் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. புதுப் பேட்டரி வந்தது. பத்தே நாளில் அதுவும் படுத்துவிட்டது. இரண்டாவது கூட்டத்தில் பெல்ட் கோஷ்டியும் எர்த் ஒயர் கோஷ்டியும் மோதிக்கொண்டன. எர்த் ஒரே ஓட்டில் தோற்றது. பெல்ட்டை மாற்றினார்கள். கார் யாருடைய ஓட்டையும் மதிக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் மறுபடி பேட்டரி வென்றது.

"ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. கெட்டது பேட்டரி இல்லேன்னு எனக்கே தெரியுது," என்றாள் அம்மா.

"உனக்கு ஓட்டு கிடையாது," என்றார் தலைவரான அப்பா.

தலைவரின் சின்ன மகளுக்கும் ஓட்டு கிடையாது. அவள் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் வியர்த்துப் போவாள். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகியும், அந்தக் காரைக் கழுவுவதற்காக கேட் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாளே தவிர, கேட்டைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொன்னதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் ஊர்வலம். தலைவர் கார் முதலில் போக வேண்டும். வெள்ளிக்கிழமையும் கார் நின்றுபோனதில் வெறுத்துப்போன அப்பா, செயலாளர் முன்னால் கத்தினார்: "இத எவன் சரி பண்றானோ அவனே ஊர்வலத்துல ஓட்டிக்கட்டும்!"

சின்னவள் அதைக் கேட்டாள். சனிக்கிழமை காலை வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனாள்.

"சின்னவளே, என்ன பண்ற?"

"பாக்கறேன்ப்பா."

"பாரு, பாரு. எதையும் தொட்டுடாத."

எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டைக் காட்டி, அதுவும் இறங்கிக்கொண்டே போனது. பேட்டரி செலவாகிறது, வரவே இல்லை. அப்படியென்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேட்டர் கரண்ட் தரவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் பார்த்தாள். இரண்டு ஒயர்கள். தடித்ததில் கரண்ட் இருந்தது. சாவியைத் திருப்பி வைத்தும் மெல்லிய ஒயரில் சுத்தமாக ஒன்றுமில்லை.

ஆல்டர்னேட்டர் எடுத்த எடுப்பில் தானாக வேலை செய்யாது. உள்ளே இருக்கும் சுருள் காந்தமாவதற்கு முதலில் கொஞ்சம் கரண்ட் கொடுத்து உசுப்பிவிட வேண்டும். அந்தக் கொஞ்சம் வருவது மெல்லிய ஒயரில்தான். அவள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். ஒயர் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பல்பு ஹோல்டர். ஹோல்டரில் பல்பு இல்லை. பஞ்சு அடைத்திருந்தது.

படுத்தபடியே யோசித்தாள். அப்பாவுக்கு எச்சரிக்கை எதுவும் ஆகாது. சமையலறையில் புகை அலாரம் ஒருநாள் கத்தியது என்று அதன் பேட்டரியைப் பிடுங்கினார். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொன்ன டாக்டரை மாற்றினார். ஆனால் பஞ்சு? பஞ்சு வைக்கும் அளவுக்கு அப்பாவுக்குப் பொறுமை கிடையாதே.

இது சங்கத்தின் வேலையாகத்தான் இருக்கும். செயலாளர் வீடு பக்கத்துத் தெருதான். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். போன வருடக் கண்காட்சிக்கு முந்தைய பக்கத்தில் அகப்பட்டது.

"தீர்மானம் 11: உறுப்பினர்களின் கார்களில், டேஷ்போர்டில் கோளாறைக் குறிக்கும் சிவப்பு பல்பு பொதுமக்கள் கண் முன்னால் எரிவது சங்கத்தின் கௌரவத்துக்கு ஏற்றதல்ல என்பதால், அவற்றை அகற்றவும், துளையைப் பஞ்சு வைத்து அடைக்கவும் தீர்மானிக்கப்படுகிறது."

"எல்லார் காருலயும் எடுத்துட்டீங்களா மாமா?"

"பின்ன? ஒரே நாள்ல. அவ்வளவு கட்டுப்பாடு நம்ம சங்கத்துல."

"எல்லார் பேட்டரியும் படுத்துடுதா?"

"இந்த வருஷம் வர்ற பேட்டரியே மோசம்மா. அதுக்கும் ஒரு கண்டனத் தீர்மானம் போட்டோம்."

அவள் அவரைக் காரடிக்குக் கூட்டி வந்தாள். பைக்கின் இண்டிகேட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன பல்பை, பேட்டரிக்கும் மெல்லிய ஒயருக்கும் நடுவில் வைத்தாள். பல்பு எரிந்தது. எஞ்சினைக் கிளப்பினாள். பல்பு அணைந்தது. மீட்டர் மெல்ல ஏறி பதினாலில் போய் உட்கார்ந்தது.

"அந்த பல்பு வழியாத்தான் மாமா ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகும். அத எடுத்துட்டா சார்ஜே ஏறாது."

செயலாளர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "புரியுது. ஆனா பல்பத் திருப்பி வைக்கணும்னா தீர்மானத்த ரத்து பண்ணணும். பொதுக்குழுவுக்குப் பதினஞ்சு நாள் நோட்டீஸ் வேணும்."

"ஊர்வலம் நாளைக்கு மாமா."

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா."

அவளுக்கு வியர்த்தது. ஆனாலும் புத்தகத்தில் ஒரு வார்த்தை மேல் விரலை வைத்தாள். "டேஷ்போர்டுல கூடாதுன்னுதானே போட்டிருக்கு? க்ளவ் பாக்ஸுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு இல்லையே."

செயலாளர் முகம் மலர்ந்தது. விதி பிழைத்துக்கொண்டது. அன்று மாலைக்குள் இரண்டு ஒயரை நீட்டி, பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கும் க்ளவ் பாக்ஸ் பெட்டிக்குள் ஹோல்டரைப் பொருத்தி, புது சிவப்பு பல்பு ஒன்றைச் செருகினாள். மற்றவர்களுக்கும் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். முதலில் செயற்குழு கூட வேண்டும் என்றார் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தொப்பியோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்தொடர்வதற்காகக் கேட்டுக்கு வெளியே பதினான்கு கார்கள் வரிசையாக நின்றன. தெருவோரம் கூட்டம்.

"அப்பா, சரி பண்றவங்கதான் ஓட்டணும்னு சொன்னீங்க."

"பொதுவாச் சொன்னேன். சங்கமே சேர்ந்துதானே சரி பண்ணுச்சு? நீ மீட்டர் பிடிச்ச, அவ்வளவுதான்."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் பல்பு இருந்தது.

"கழட்டிட்டியா?"

"ராத்திரியே. இது இல்லாம ரெண்டு சிக்னல் தாண்டாதுப்பா."

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். "இந்தப் பக்கம் வெயில் படாதுய்யா," என்று ஜன்னல் வழியே செயலாளருக்குக் கேட்கும்படி சொன்னார்.

அவள் பல்பைப் பொருத்திவிட்டு சாவியைத் திருப்பினாள். க்ளவ் பாக்ஸுக்குள் சிவப்பாக எரிந்தது.

"ஐயோ, எரியுதே!"

"எரியணும்ப்பா. ஓடும்போதுதான் எரியக் கூடாது." எஞ்சின் பிடித்தது, பல்பு அணைந்தது. "எனக்கு இங்கேருந்து தெரியாது. நீங்கதான் பாத்து பாத்துச் சொல்லணும்."

கார் கேட்டைத் தாண்டியது. தெருவைத் தாண்டியது. கியர் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுந்தது. அப்பா நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தலைவர் தங்களைத்தான் வணங்குகிறார் என்று நினைத்து ஓரத்தில் நின்றவர்கள் திரும்பக் கும்பிட்டார்கள்.

"எரியல," என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "இப்பவும் எரியல."

முதல் சிக்னலில் பின்னால் மூன்று கார்கள் நின்றுபோயின. இரண்டாவதில் ஐந்து. அதில் ஒன்று செயலாளருடையது. நான்காவது சிக்னலைத் தாண்டியபோது ஹாரன் சத்தமே இல்லை.

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னடி, பின்னால ஒருத்தரையும் காணோம்?"

"நீங்க பெட்டியப் பாருங்கப்பா," என்றாள் அவள்.