தம்பி உடம்பில் தங்கிய வோல்ட்டேஜ்

பெரிய மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் அந்தப் பட்டறையில், சோதனைக் கருவியிலிருந்து காணாமல் போன பாதி வோல்ட்டேஜ், சோதனை பார்க்கிறவளின் தம்பி உடம்பில் இருந்தது. அவன் கையில் எடுத்த பல்பு எரிந்தது. அவன் வாசலில் நடந்தால் கொடியில் காயும் துணிகள் அவன் பக்கம் சாய்ந்தன. அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் கரண்ட் போன நேரத்தில் மட்டும் வந்து, "தம்பி, செத்த நேரம் எங்க வீட்ல வந்து உக்காருங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஆனால் பெண்டாட்டி தொட்டால் சுரீரென்று அடித்தது. நடை பழகியிருந்த மகள் ஒருமுறை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, அலறி விழுந்தாள். அதிலிருந்து அப்பாவைக் கண்டாலே அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

கட்டி முடித்த மோட்டாரைக் கம்பிக்கூண்டுக்குள் வைத்து, வெளியே நின்று குமிழைத் திருகி வோல்ட்டேஜை ஏற்றுவது அக்காளின் வேலை. காயில் தாங்கினால் மோட்டார் ஊர் போய்ச் சேரும். தாங்காவிட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கூண்டுக் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிட ஒரு சுவிட்ச் உண்டு. அது தளர்ந்துபோய், தெருவில் லாரி போனால்கூட தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்திச் சோதனையைக் கெடுத்தது. புதுசு வருகிறவரைக்கும் என்று அவள் ஒரு துண்டு ஒயரால் அதை வேலை செய்யாதபடி கட்டிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அதே பட்டறையில் காயில் கட்டும் தம்பி, உள்ளே ஒரு முனை கழன்றிருப்பதைப் பார்த்துக் கதவைத் திறந்தான். திறந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்றுதான் எல்லோரையும் போல அவனும் நினைத்தான். நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. மற்றவர்கள் அவனைத் தூக்க ஓடினார்கள். அவள் குமிழை இறக்கிவிட்டுச் சுவிட்சிடம் ஓடினாள்; துண்டு ஒயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் தம்பி முகத்தைப் பார்த்தாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். முதலாளி சுவிட்சைச் சோதித்தார், சரியாக இருந்தது. "பையன் அவசரப்பட்டுட்டான், மிச்சக் கரண்ட் எறங்கறதுக்குள்ள கைய விட்டுட்டான்" என்றார். தம்பியும், "ஆமா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்போல" என்று நம்பிவிட்டான்.

மறுநாளிலிருந்து கருவியின் முள் பாதிக்கு மேல் ஏற மறுத்தது. அவள் முறைப்படி தேடினாள். மோட்டாரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஏற்றிப் பார்த்தாள். அதே பாதி, ஆகவே கோளாறு மோட்டாரில் இல்லை. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று வேறு மீட்டர் வைத்தாள். ஃப்யூஸ், கேபிள், எர்த், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எல்லாம் சுத்தமாக இருந்தன. கருவியை விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர் திறந்து பார்த்து மூடிவிட்டு, "மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. மீதி வேற எங்கயோ போயிருக்கு. எங்கன்னு உங்களுக்குத்தான் தெரியணும்" என்றார். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மதியமே தம்பி வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி பக்கத்தில் இருந்த ரேடியோ கரகரத்தது. பெண்டாட்டிதான் பேசினாள்.

"இத்தனை நாளா தன்னையே திட்டிக்கிட்டு இருந்தாரு, அண்ணி. நீங்களும் பக்கத்துல உக்காந்து சமாதானம் சொன்னீங்க."

அக்காள் தலை குனிந்தாள்.

"உங்க மெஷின்ல இருந்து வந்ததுதானே. அங்கயே கூட்டிட்டுப் போய் எறக்கிவிடுங்க."

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே, "அந்தச் சுவிட்ச மாத்தியாச்சாக்கா?" என்று கேட்டான். மாற்றியாயிற்று என்றாள். வேறெதுவும் அவன் கேட்காதது அவளை வழியெல்லாம் அறுத்தது.

முதலாளியிடமும் சொன்னாள். அவர் கூண்டுச் சாவியை அவளிடமிருந்து வாங்கித் தம்பி பக்கம் மேசையில் வைத்தார். தம்பி கூண்டைப் பூட்டி, வெளியே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் குமிழைத் திருகினாள். முள் பாதியைத் தாண்டி, நிற்காமல், முழு அளவுக்கு ஏறியது. காயில் தாங்கியது. அன்று சாயங்காலம் மகள் தயங்கித் தயங்கி வந்து அப்பாவின் சுண்டுவிரலைத் தொட்டாள், ஒன்றும் அடிக்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். விடிந்தபோது அவன் கையில் பல்பு மறுபடி எரிந்தது. ஆகவே மறுநாளும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தான், அதற்கடுத்த நாளும்.

அப்படியே வருஷங்கள் ஓடின. மகள் பள்ளிக்கூடம் போய், படித்து முடித்தாள். பட்டறை லீவு நாளில் வீட்டில் யாரும் அவனைத் தொடுவதில்லை, அது பழகிவிட்டது. அவன் பெண்டாட்டி அக்காளோடு பேசத்தான் செய்தாள், ஆனால் அண்ணி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அக்காள் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஒருநாள், மோட்டாரை எடுத்துப்போக வந்த ஆலை இன்ஜினியர் முள் பாதியில் நிற்பதைக் கண்டு, மெஷினில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"கோளாறு ஒண்ணுமில்ல சார். தம்பி சாப்பிடப் போயிருக்கான். வந்ததும் ஏறிடும்" என்றாள் அக்காள்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப்போட்டார்.