கொலைகாரியின் பிளாஸ்க்

மியூசியத்தின் மூன்றாவது அறையில் என்னை நிற்க வைத்திருந்தார்கள். என்னை என்றால் என்னை இல்லை, என் பொம்மையை. பச்சைக் கம்பளிச் சட்டை, வட்டக் கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்க். மூக்கை மட்டும் யாரோ ரொம்பத் தாராளமாகச் செய்துவிட்டார்கள்.

"ஏன்டி, எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா?" என்று மகளைக் கேட்டேன்.

"மெதுவா பேசும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே நிக்க வச்சிருக்காங்க? பாக்கட்டும்."

கொலைகாரி நான்தான். ஊரே விழுந்து விழுந்து படித்த அந்தத் துப்பறியும் நாவலில், புருஷனுக்கு டீயில் விஷம் கலந்து கொடுக்கிற அண்ணி. எழுதிய மகான் என் கொழுந்தன். சின்னவன் என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வருஷக்கணக்கில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு எழுதிப் பழகியவன். என் புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். ஒருநாள் மத்தியானம் மெஷின் பக்கத்திலேயே மாரடைப்பு வந்து விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சின்னவன் வேறு வீடு பார்த்துப் போனான். அடுத்த வருஷம் நாவல் வந்தது. அதிலும் ஒரு அச்சகம், அதிலும் ஒரு பிளாஸ்க், அதிலும் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண்டாட்டி. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை யாரும் படிக்கவில்லை, இவன் எழுதியதை எல்லாரும் படித்தார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கடையில் நான் ஊற்றிக் கொடுத்த டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். விளையாட்டாம்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வலித்தது வேறு இடத்தில். அப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. அந்தப் புத்தகத்தைப் போர்வைக்குள் வைத்துப் படித்து முடித்தாள். மறுநாள் காலையில் டம்ளரை நீட்டினேன். "எனக்கு டீ பிடிக்காதும்மா" என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் போட்ட டீ அவள் தொண்டையில் இறங்கியதில்லை. நர்ஸாகி, கல்யாணமாகி, தலையில் நரைகூட வந்தாயிற்று. ஒருமுறை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கேன்டீனில் உட்கார்ந்து ஊதி ஊதி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன். அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு ஓடிப்போய்ப் பதில் சொல்ல நான் என்ன குற்றவாளியா? வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் மியூசியத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். சின்னவனுக்குக் கண்காட்சி வைக்கிறார்களாம், அவள்தான் பொறுப்பாளராம். "நீங்க வந்து பொம்மை பக்கத்துல நின்னா ரொம்ப த்ரில்லா இருக்கும் மேடம்" என்றாள். வருகிறேன் என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் போய் ஏதாவது ரகளை பண்ணிவிடுவேன் என்று காவலுக்குக் கூடவே வந்தாள்.

முதல் அறையில் அவன் டைப்ரைட்டர், அவன் செருப்பு, அவன் மென்று துப்பிய பென்சில் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. இரண்டாவது அறையில் கலர் தண்ணீர் ஊற்றி விஷம் என்று சீட்டு ஒட்டிய பாட்டில்கள். சிரித்துக்கொண்டேதான் வந்தேன். மூன்றாவது அறையில் பொம்மையின் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் பிளாஸ்க். நீல நிறம், மூடியில் ஒரு நசுங்கல். வீட்டைவிட்டுப் போகும்போது அவன் தூக்கிக்கொண்டு போனது. கீழே ஒரு அட்டை: "உண்மைச் சம்பவம். எழுத்தாளரின் அண்ணன் கடைசியாகக் குடித்த டீ இந்தப் பிளாஸ்கில் இருந்தது. அவருடைய மர்ம மரணமே இந்த நாவலுக்கு வித்து."

மாரடைப்பு எப்போது மர்மமானது? எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"இந்த அட்டைய எடும்மா" என்றேன் பொறுப்பாளரிடம்.

"அது சாரே சொன்ன தகவல் மேடம். நாங்க எப்படி மாத்துறது?"

"அம்மா, விடும்மா, வீட்டுக்குப் போலாம்" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

அதற்குள் சின்னவனே வந்துவிட்டான். கைத்தடி, கோட்டு, பின்னால் ஒரு கூட்டம். "அண்ணி! நீங்களே வந்துட்டீங்களா!" என்று கும்பிட்டான். கேமராக்கள் பளிச்சிட்டன.

"இதுல எழுதியிருக்கறது நிஜமா சின்னவனே?"

அவன் கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை செய்தான். இது உண்மைக் கதையா என்று டிவியில் கேட்டபோதும் இதே புன்னகைதான். அந்தப் புன்னகைதான் இத்தனை வருஷமும் என் வீட்டு டீயில் விழுந்துகொண்டிருந்தது.

நான் அவன் புத்தகம் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். கொலைகாரிக்கும் படிக்கத் தெரியும். அவன் எப்படி எழுதுவான் என்று எனக்கு அத்துப்படி.

"கடைசி அத்தியாயத்துல எல்லாரையும் ஒரே ரூம்ல கூட்டி வச்சுத்தானே உண்மையைச் சொல்ல வைப்ப? இதோ எல்லாரும் இருக்காங்க. நான் சொல்லிடறேன்."

நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"ஒத்துக்கறேன். அன்னைக்குக் காலையில டீ போட்டுப் பிளாஸ்க்ல ஊத்தினேன். விஷத்தோட கசப்பு தெரியக் கூடாதே? அதனால நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். நாக்குல ஒட்டற இனிப்பு."

என் கையைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் மெல்ல நழுவின. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சின்னவன் முகத்தைச் சுளித்தான். தப்பான விவரம் அவனுக்கு ஆகவே ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பிறத்தியார் கதை சொன்னால்கூட நடுவில் புகுந்து திருத்துவான்.

"இல்ல அண்ணி, அதுல சர்க்கரையே இல்ல. வாயில வைக்க முடியாத அளவுக்கு..."

நிறுத்திக்கொண்டான். தன் வாயால் கெடும் தவளை கத்திவிட்டது.

"அன்னைக்கு வீட்டுல சர்க்கரை தீர்ந்துபோச்சு" என்றேன். "அது டீ போட்ட எனக்குத் தெரியும். குடிச்சவனுக்குத் தெரியும். அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காத உனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் காதுகள் சிவந்துபோயின. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பொம்மையின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் பிளாஸ்க்க மறந்து வச்சுட்டுப் போயிட்டார். மத்தியானம்... நான்தான் குடிச்சேன்."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"நான்தான் குடிச்சேன்!"

"குடிச்சியே, செத்தியா?"

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சின்னவன் தலையைக் குனிந்தான்.

"இல்ல அண்ணி. நாவல் வந்ததும் எல்லாரும் நிஜமா நிஜமான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னா சுவாரசியம் போயிடும்னு சிரிச்சு வச்சேன். அப்படியே பழகிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. சர்க்கரை போடாதது இன்னும் நாக்குல இருக்கு, உப்புப் போட்டவளை மட்டும் மறந்துட்ட. மன்னிப்பெல்லாம் உன் புத்தகத்துல எழுதிக்கோ, எனக்கு வேண்டாம்."

அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்து அவன் மடியில் போட்டேன். பொம்மையின் கையிலிருந்து பிளாஸ்கை உருவினேன். ஒரு விரல் உடைந்து கூடவே வந்தது.

"மேடம், அது காட்சிப் பொருள்!" என்று பொறுப்பாளர் பதறினாள்.

"என் வீட்டுப் பொருள். வேணும்னா போலீஸ்ல சொல்லு, கொலைகாரி பிளாஸ்க்கத் திருடிட்டான்னு."

வாசலில் நின்ற காவலாளி கதவைத் திறந்துவிட்டான்.

பஸ்ஸில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்தேன். மகள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் டீ போடறியா?"

"உனக்குத்தான் டீ பிடிக்காதே."

"பிடிக்கும்மா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன். அவளுக்கு முன்னால் அழுவேனா?

"அப்ப பக்கத்துல வந்து நில்லு. என்ன போடறேன்னு நல்லாப் பாத்துக்கோ."

அவள் பக்கத்தில் வரவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. தண்ணீர் கொதித்தது, தூளைப் போட்டேன், பாலை ஊற்றினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பெற்ற மகளுக்கு எத்தனை ஸ்பூன் என்று எனக்குத் தெரியவில்லை.

"எத்தனைடி?" என்று கேட்டேன்.