பத்தொன்பது அரை வரிகள்

எங்கள் ஊரில் புருஷன் செத்துப்போனால் பெண்டாட்டி பாதியாகிவிடுவாள். கதை விடவில்லை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது ஆம்பளை இருக்கிற வீட்டுக்கு முழு வரி, இல்லாத வீட்டுக்கு அரை வரி. ஏதோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மாதிரிச் சொல்வார்கள். கிடா வெட்டிப் பங்கு போடும்போதும் அரைப் பங்கு கறிதான் வரும், அதிலும் எலும்புதான் அதிகம். ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்தால், "அரை வரிக்கு என்ன பேச்சு?" என்பார்கள்.

பதினோரு வருஷமாக நான் அரை ஆள். பெயர் செல்லக்கிளி. மருங்காபுரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு கிணறும் இருக்கின்றன. கிணற்றில் தண்ணீர்தான் இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆடு மேய்க்கிறவள் கால் படாத இடம் ஏது? கரட்டிலிருந்து இறங்கி வருகிற ஓடையை ரங்கசாமி தன் தென்னந்தோப்புக்குள் குறுக்கே கரை போட்டு மறித்து வைத்திருந்தார். பெய்கிற மழையெல்லாம் அவர் தோப்போடு சரி. என் கிணற்றுக்கும் ஊர்க் குளத்துக்கும் பேருக்குத்தான் வரும். ரங்கசாமி, ஊர்த் தலைவர் வீரமலையின் மச்சான். அதனால் அந்தக் கரை ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. "காய்ஞ்ச காட்டை வச்சு என்ன பண்ணப் போற? நான் வாங்கிக்கிறேன்" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னொரு கோடை போனால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்கிற நிலைமையில் இருந்தேன்.

அப்போதுதான், ஓடைகளைச் சீர்செய்ய ஊர்களுக்குப் பணம் தருகிற அறக்கட்டளை ஒன்று திருச்சி தென்னூரில் இருப்பதாகத் தகவல் வந்தது. சும்மா தரமாட்டார்களாம். நூறு குடும்பமாவது தன் பங்கைப் போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும். மெயின் ரோட்டோரம் ஒரு தடுப்பணை, அதில் பெரிதாக ஒரு போர்டு என்று வீரமலை திட்டம் போட்டார். மேலே மறித்த ஓடைக்குக் கீழே அணை கட்டி எதைத் தடுப்பது, காற்றையா? கூட்டத்தில் கேட்டேன். அரை வரிக்கு என்ன பேச்சு என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள் எங்களைத் தேடி வந்தார்கள். அரை வரிக்காரிகள் பத்தொன்பது பேரும் தென்னூருக்கு வரவேண்டும், ஒரு கையெழுத்துதான், டிபன் வாங்கித் தருகிறோம் என்றார்கள். ஏற்கெனவே எங்களிடம் அரைப் பங்கு வசூலித்திருந்தார்கள். வீரமலையும் ரங்கசாமியும் ஊர்க்காரர்கள் சிலரும் கூட வர, பஸ் ஏறினோம்.

அறக்கட்டளையை நடத்துகிற ஹரிஹரசுதன் ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டையர்டு இஞ்சினியர். நெற்றியில் நாமம், கையில் ஓடையின் வரைபடம். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"செல்லக்கிளி. ஒரு குடும்பம், ஒரு முழுப் பங்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுசா? பிறகு புரிந்தது. ஊரில் முழு வரிக் குடும்பம் எண்பத்தாறுதான். நூறு தேறாததால் எங்களை முழுசாக எழுதி, மீதிப் பணத்தை வீரமலை ஆட்களே போட்டிருக்கிறார்கள்.

"சார், முழுப் பங்குன்னா என்னங்க அர்த்தம்?" என்றேன்.

"எல்லாரும் சமம்னு அர்த்தம்மா. வேலை எங்க நடக்கணும்னு சொல்ல ஒவ்வொரு பங்குக்கும் பாத்தியதை உண்டு."

வீரமலை குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் பேப்பருக்குங்க. ஊர் வழக்கம் வேற."

"ஊருக்கு அரை, பேப்பருக்கு முழுசாங்க தலைவரே? அப்ப பேப்பர்லயும் அரைன்னே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடல." பேனாவை மேஜையில் வைத்தேன். பக்கத்தில் இருந்த வீரம்மாள், "என் பேரையும் அடிச்சிருங்க சார்" என்றாள். வரிசையாகப் பத்தொன்பது பேரும் சொன்னோம்.

ஹரிஹரசுதன் கண்ணாடியைக் கழற்றினார். "எண்பத்தாறு. நூறு இல்லேன்னா பணம் இல்லை. ரங்கநாதன் மேல ஆணையா நான் விதியை வளைக்கமாட்டேன்."

வீரமலை என் பக்கம் குனிந்தார். "ஊர்க் காரியம் செல்லக்கிளி. கெடுத்துராத."

"ஊர்க் காரியம்தாங்க. அதான் ஊர் ஓடையைத் திறக்கச் சொல்றேன். முதல் வேலை ரங்கசாமி தோப்புலன்னு எழுதுங்க. இப்பவே போடறோம்."

"என் தோப்புல எவ கால் வைக்கிறான்னு பாக்கறேன்!" ரங்கசாமி எழுந்தே விட்டார்.

"பத்தொன்பது பேர் வைப்போம். வந்து பாருங்க."

ஹரிஹரசுதன் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். "இது உங்க தோப்பு இல்லை சுவாமி, ஓடைப் புறம்போக்கு. தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி நானே வாங்கித் தரேன்." கூட வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர், "குளத்துக்கும் தண்ணி வரணும்ல தலைவரே, எழுதிருங்க" என்று முனகினார். வீரமலை எழுதினார். பேனா ஒடிகிற மாதிரி அழுத்தி எழுதினார்.

ஆவணியில் கரையை உடைத்தோம். முதல் மண்வெட்டி நான் போட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஐப்பசி மழையில் ஓடை தோப்பைத் தாண்டிக் கீழே ஓடியது. என் கிணற்றில் ஒன்பது படி முங்கிவிட்டது. அதற்குப் பிறகு ரங்கசாமி என் நிலத்தை விலைக்குக் கேட்கவில்லை.

மாசித் திருவிழா வந்தது. முழு வரியைக் கொண்டுபோய் வீரமலையிடம் நீட்டினேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கிடா வெட்டிப் பங்கு போடுகிற இடத்துக்கும் தூக்குவாளியோடு நானே போனேன். பின்னால் பதினெட்டுத் தூக்குவாளிகள் நின்றன. கறி வெட்டுகிற ஆள் பழக்கதோஷத்தில் பாதியை அள்ளிப் போட்டான்.

நான் வாளியை எடுக்கவில்லை. வீரமலை என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "முழுசா போடுறா" என்றார்.

போட்டான். எட்டிப் பார்த்தேன்.

"இந்த எலும்பை எடுத்துட்டுக் கறியா வைப்பா."